துண்டுக்குள்ள கையை விடுமுன்ன

ஏ மருமவனே, சிப்காட்டுல நைட் ஷிப்டு பாத்துட்டு வந்தவன் உறங்காம செல்லைத் தடவிக்கிட்டுக் கெடக்கியேன்னு எட்டிப் பாத்தேன். தக்காளி விலை பாக்கியாமே! கோயம்பேட்டுல இன்னைக்கு என்ன, ஒட்டன்சத்திரத்துல என்ன, பாவூர்சத்திரத்துல என்னன்னு கேட்டா மூச்சு விடாம சொல்லுத. சரிதான். சித்தாத்தங்கரையில இருக்க ஒன் வயல்ல இன்னும் ஒரு நாத்துகூட ஊணலை. விலை மட்டும் முந்தியே வந்து வரப்புல குத்த வச்சிருக்கு.

கம்பெனி வேலையை விட்டுட்டு வெவசாயம் பாக்கப் போறேன், கூட நாலு ஆடு வாங்கி விடப் போறேன், யோசனை சொல்லுங்க மாமான்னு வந்து நிக்க. யோசனை சொல்லுறது மாமன் கடமை. அதைக் கேக்காம போறது மருமவன் உரிமை. அவுகவுக சோலியை அவுகவுக பாப்போம்.

சந்தைக்குப் போறவன் பையில என்னத்தைக் கொண்டு போறான்னு நெனைக்க? காயோ, ஆடோ, நெல்லோ, அதெல்லாம் மேல தெரியறது. அடியில ஒரு அவசரம் கெடக்கும். எதுக்க நிக்க யாவாரி மொதல்ல அதைத்தான் தடவிப் பாப்பான். அவசரம் ஒன் பையில இருந்தா விலை அவன் சொல்லுறது. அவன் பையில இருந்தா விலை நீ சொல்லுறது. இது ஒன் செல்லுல வராது. வந்தாலும் நெட்டு கெடைக்காது.

செவ்வாக்கெழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போயிருக்கியா? சின்னதுல ஒங்க அப்பன் தோளுல ஒக்காந்து போனதை வச்சு ஆடு வாங்கிறலாம்னு நெனைக்காத. அங்க விலை வாயில இல்லை. ரெண்டு பேரு எதிரெதிரே நிப்பான். நடுவுல ஒரு துண்டு தொங்கும். துண்டுக்குள்ள ரெண்டு கை. தரகர் விலையை விரல்ல சொல்லுவாரு. நாலு விரலைப் பிடிச்சா நாலு. நானூறா, நாலாயிரமான்னு கேட்டுத் தொலைச்சிராத, எதுக்க நிக்க உருப்படியைப் பாத்தாலே தெரியும். தலையை ஆட்டுவான், கையை உருவுவான், ரெண்டு அடி நடப்பான், திரும்பி வருவான். மறுபடி துண்டு. கடைசி வரை என்ன விலைக்கு முடிஞ்சதுன்னு பக்கத்துல நிக்கவனுக்குத் தெரியாது. அதுதான் அந்தத் துண்டோட சோலி. இவனுக்கு எறங்குன விலையை அடுத்தவனும் கேட்டுறக் கூடாதுல்லா.

இதுல ஒனக்கு என்ன கஷ்டம்னா, ஒன் மொகம். நீ பொறந்ததுல இருந்து அதைப் பாக்கேன். ஒரு தரகர் ஒன் சுண்டுவிரலைத் தொட்டாப் போதும், ஒன் கண்ணு ரெண்டும் அந்த ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்து வீட்டுத் தொழுவுல கட்டிப்புடும். பொறவு என்னத்தை விலை பேச?

ஆட்டு வாயைப் பிடிச்சுப் பல்லைப் பாக்கணும்னு எவனாவது சொல்லிக் குடுத்திருப்பான். பாரு. ஆனா மேல் ஈறுல முன்பல்லே இல்லையேன்னு பதறி, கெழட்டு ஆடுன்னு கத்திறாத. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல முன்பல்லு கெடையாது, எந்தக் காலத்துலயும். பாக்க வேண்டியது கீழ் வரிசை. நடுவுல ரெண்டு பெரிய பல்லு வந்திருந்தா ஒரு வருசம் தாண்டுன உருப்படி. நாலு, ஆறுன்னு கூடி எட்டும் வந்துட்டா ஏறக்கொறைய நாலு வயசு. பக்ரீதுக்கு வாங்க வாரவுக இதுல கண்ணும் கருத்துமா இருப்பாவ. ஒரு வருசம் நெறையணும், ஊனம் எதுவும் இருக்கக் கூடாது. கொம்பு, காது, காலு எல்லாம் தடவிப் பாத்துத்தான் வாங்குவாவ. நீ அவுக பின்னாலயே ஒரு மணி நேரம் சும்மா நில்லு. எந்த காலேஜ்லயும் இதைச் சொல்லிக் குடுக்க மாட்டான்.

வயிறு பொடைச்சு நிக்க ஆட்டைப் பாத்து மயங்கிறாத. விடியக்காலம் தவிட்டுல உப்பைப் போட்டுக் கலக்கி வச்சிருப்பான். அதைத் தின்ன ஆடு குடம் தண்ணி குடிக்கும். கறின்னு நீ துட்டுக் குடுத்து வாங்குனதுல பாதி, பஸ் ஸ்டாண்டு வாரதுக்குள்ள மூத்திரமாப் போயிரும். கையை வயித்துல வைக்காத. முதுகுத்தண்டுல, இடுப்புக்கு முன்னால வச்சு அமுக்கு. எலும்பு கையில குத்துச்சுன்னா அது தண்ணி வயிறு. எலும்பு தெரியாம சதை மூடியிருந்தா அது தின்னு வளந்த ஆடு. உயிரோட நிக்க எடையில பாதிதான் கறி தேறும்னு கணக்குல வச்சுக்க. பாதிக்கும் கொஞ்சம் கொறைச்சே வச்சாத்தான் நல்லது.

பசுமாடு வாங்குனாலும் இதே கததான். மடி கனத்து, காம்பு வெறைச்சு நிக்கும். ஆகா, பால் பொங்குதுன்னு நெனைப்ப. முந்துன நாளு சாயந்தரம் கறக்காம விட்டிருப்பான். ஒன் கையால காலையில ஒருக்க, சாயந்தரம் ஒருக்க கறந்து பாத்துட்டுத்தான் அச்சாரம் குடுக்கணும். மாட்டுக்காரன் கோவப்பட்டான்னா, கோவிச்சுக்கிட்டே போவட்டும்.

பொறவு சுழி. மாட்டு மேல மயிரு சுத்தியிருக்கும்லா, அதுக்கு ஒரு பெரிய சாஸ்திரமே உண்டு. முதுகுல பூரான் கணக்கா ஓடி மேல் பாத்து ஏறுனா ஏறுபூரான், வீட்டுக்கு ஆகும். எறங்குனா ஆகாது. பாடைச் சுழி, விலங்குச் சுழின்னு பேரைக் கேட்டாலே காய்ச்சல் வந்துரும். பெண்டிழந்தான் சுழின்னு ஒண்ணு. அந்த மாட்டை வாங்குனவனுக்குப் பொஞ்சாதி தங்க மாட்டாளாம். அந்த மாட்டை மட்டும் நம்ம ஊர்ல நாலஞ்சு பேரு விடாம தேடிக்கிட்டு அலைஞ்சானுவ. நான் பேரு சொல்ல மாட்டேன். சுழியை நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி, ஒரு காரியத்துக்கு அது ஒதவும். வாங்கும்போது “சுழி சரியில்லையே”ன்னு இழுத்தா ஆயிரம் எறங்கும். விக்கும்போது ஒன் மாட்டுக்குச் சுழியே கெடையாது.

எப்ப வாங்கணும்னு கேக்கியா? ஊரு பூரா வாங்கும்போது வாங்காத. கோயில் கொடை வருதுன்னு வையி. வெள்ளிக்கெழமை கொடை, புதன் வரைக்கும் கெடா அமையலை. சொடலைக்கு முழுக் கறுப்பு வேணும், மறு மயிரு ஒண்ணு இருக்கக் கூடாது, வரி வேற ஊர்ல பிரிச்சாச்சு. அந்த வரிதாரன் சந்தைக்குள்ள நடந்து வாரதைப் பாத்தாலே கறுப்புக் கெடா வச்சிருக்கவன் எந்திரிச்சு நின்னு வேட்டியைத் தட்டிக் கட்டுவான். தீவாளிக்கு முந்துன வாரமும் அப்படித்தான், பக்ரீதுக்கு முன்னாலயும் அப்படித்தான். புரட்டாசியில பாரு. பாதி சனம் கவுச்சி தொடாது, கறிக்கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருப்பான். குட்டி வாங்கணும்னா அப்பப் போ. நம்ம சீமைக்குக் கன்னி ஆடுதான் லாயக்கு. கறுத்த ஒடம்பு, மொகத்துல ரெண்டு கோடு. கோடு வெள்ளையா இருந்தா பால்கன்னி, செவப்பா இருந்தா செங்கன்னி. கரிசக்காட்டு வெயிலைத் தாங்கும், ரெட்டைக் குட்டி போடும். எட்டயபுரத்துல சனிக்கெழமை சந்தையில கொடி ஆடும் கெடைக்கும். நெட்டையா அழகாத்தான் நிக்கும். நீ மொதல்ல கட்டையில பழகு.

இனி ஒன் தக்காளிக்கு வாரேன்.

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? கிலோ நூறைத் தாண்டி ஏறிக்கிட்டே போச்சு. சென்னையில கவருமெண்டே ரேஷன் கடையில வச்சு 60 ரூபாய்க்குக் குடுத்துச்சு. டிவில தக்காளிக்குக் காவல் போட்டுருக்கான்னு காட்டுனான். அதைப் பாத்த அன்னைக்கே நம்ம பக்கத்துல பாதிப் பேரு நாத்து தேடி ஓடுனான். நாத்தங்கால்ல 25 நாளு, நட்டு அறுவது எழுவது நாளு, அப்பத்தான் மொதப் பறிப்பு. அதாவது ஜூலை விலையைப் பாத்து ஐப்பசியில பறிக்கான். ஆனா செப்டம்பர்லயே கிலோ பத்துக்கும் பதினஞ்சுக்கும் வந்து படுத்துட்டு. ஒருத்தன் மட்டும் ஓடியிருந்தா அவன் ராசா. ஓடுனது ஆந்திராவும் கர்நாடகாவும் சேத்து ஒலகமே.

பெட்டிக்குப் பறிகூலி, வண்டி வாடகை, ஏத்துகூலி எறக்குகூலி, மண்டியில நூத்துக்குப் பத்து கமிஷன். எல்லாம் போவ, பெட்டியாவது திரும்பி வருதான்னு பாக்கணும். தக்காளிக்கு அவசரம் ஒடம்போட பொறந்தது. இன்னைக்குச் செவந்தது நாளன்னைக்கு ஒழுவும். அதை வச்சுக்கிட்டு யாவாரிகிட்ட நான் மொறைச்சு நிப்பேன்னு சொன்னா, அவன் ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்து நிதானமா கேப்பான்.

உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு பெரியவுக சொன்னதா எல்லாவனும் சொல்லுதான். அதைச் சொல்லி வச்சவன் யாவாரியாத்தான் இருக்கணும். வெவசாயி கணக்குப் பாக்காம இருக்கணும்னு வேற யாருக்கு ஆசை? நீ பாரு. நோட்டுப் போட்டு எழுது. ஒரம், மருந்து, கூலி எல்லாம் எழுதுவ. ஒன் கூலியை எழுதுவியா? ராத்திரி மோட்டார் போட எந்திரிச்சதுக்கு? ஒன் பொஞ்சாதி களை எடுத்ததுக்கு? கம்பெனியில அரை நாள் சம்பளம் பிடிச்சா சங்கம் வைக்க. சொந்த வயல்ல முழு வருசச் சம்பளம் போனாலும் பூமித்தாய்ங்க.

சில்லறையா விக்கணும்னா பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போ. 1999 நவம்பர் 14-ல மதுரை அண்ணா நகர்ல மொத உழவர் சந்தையைத் தெறந்தாவ, பொறவு ஊரு ஊருக்கு வந்துச்சு. அட்டை வாங்கணும். தராசு அவுகளே குடுப்பாவ, கமிஷன் கெடையாது. விடியக்காலம் மொத்த மார்க்கெட்டு விலையைக் கேட்டுக்கிட்டு, அதுக்குமேல நூத்துக்கு இருவது கூட்டி, வெளிக்கடை விலைக்கு நூத்துக்குப் பதினஞ்சு கீழ வாரதா போர்டுல எழுதிப் போடுவாவ. நாயமான ஏற்பாடுதான், கொறை சொல்ல மாட்டேன். ஆனா போர்டுல எழுதுன விலை பத்து மணி வரைக்கும்தான் நின்னு பேசும். ஒங்க அத்தை பத்தரைக்கு மேலதான் உள்ள நொழைவா. வெயிலு ஏறிட்டு, கீரை வாடிட்டு, வித்தவன் ஊருக்குப் பஸ் பிடிக்கணும். அத்தை நாலு கடையைச் சும்மா கடந்து போவா. அஞ்சாவது கடையில கத்தரிக்காயை ஒண்ணொண்ணா எடுத்து, காம்பைப் பாத்து, பெருமூச்சு விட்டுத் திரும்ப வைப்பா. பாவம், அந்தப் பெருமூச்சுக்கே அவன் அரைக் கிலோ கூடப் போடுவான். கருவேப்பிலையும் மல்லியும் கொசுறு. நீ விக்கப் போனா ஒங்க அத்தை கண்ணுல படாம ஒக்காரு. சொந்தம்னுலாம் பாக்க மாட்டா.

அந்த அத்தையே ஒரு நாளு தோத்துப் போவா. பொங்கலுக்கு முந்துன ரெண்டு நாளு. மகளைக் கட்டிக் குடுத்த வீட்டுக்குப் பொங்கப்படி போவணும். கரும்பு, மஞ்சக்கொலை, பனங்கெழங்கு, சேனை, சேம்பு எல்லாம் உண்டு, சிறுகெழங்கு இல்லாட்டி சம்பந்தி வீட்டுல பேச்சு வரும். சாதாரண நாளையில மண்ணு ஒட்டிக் கெடக்க அந்தக் கெழங்கு அன்னைக்குத் தலை நிமிந்து நிக்கும். விலை கேக்காமலே பையை விரிப்பா. மல்லிப்பூவும் பிச்சிப்பூவும் அப்படித்தான். தை பொறந்தா முகூர்த்தம் வரிசை கட்டும், பனியில மொட்டு கொறைஞ்சு கெடக்கும். பொண்ணு தலைக்குப் பூ நாளைக்கி வச்சுக்கிடலாம்னு எந்தத் தகப்பன் சொல்லுவான்? வாங்குறவன் அவசரம் எந்தத் தேதியில வருதுன்னு பஞ்சாங்கத்துலயே அச்சடிச்சிருக்கு. சிறுகெழங்கு நட்டு நாலஞ்சு மாசம் ஆவும். ஆடி, ஆவணியில யோசிக்கணும். நீ மார்கழி கடைசியில செல்லைப் பாத்து யோசிப்ப.

மானாவாரியில உளுந்து போட்டா அவசரம் கொறவு. ஐப்பசி மழைக்கு வெதைச்சா தையில களத்துக்கு வந்துரும். 2025-26-க்கு மத்திய சர்க்கார் வச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800. கிலோ 78 ரூபாய். களத்துல வந்து கேக்கவன் அதுக்கும் கீழதான் கேப்பான். கடையில உடைச்ச உளுந்து நூறுக்கு மேல. நம்மாளு என்ன செய்யான்? களத்துல அம்புட்டையும் அள்ளிக் குடுத்துட்டு, பங்குனியில உளுந்தஞ்சோறு பொங்க அதே உளுந்தைப் பாக்கெட்டுல வாங்கிட்டு வாரான். பாக்கெட்டுல கோபுரம் படம் போட்டிருக்கும், அதுக்குத்தான் கூட இருவது ரூபா போலிருக்கு.

வீட்டுக்கு வேணுங்கிறதை எடுத்து வையி. வண்டு விழும்னு பயப்படாத. தோல் மேல கடுகுக்கும் சின்னதா வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கான்னு உள்ளங்கையில போட்டு வெயில்ல பாரு. அது வண்டு இட்ட முட்டை. காட்டுல செடியில நிக்கும்போதே காய் மேலயும் இட்டுரும், புழு பயறுக்குள்ள போயிரும், குதிருக்குள்ள வந்துதான் வண்டா வெளிய வரும். நல்லா காய வச்சு, திருவையில உடைச்சு வச்சுட்டா முட்டையிட முழுப் பயறு இல்லாம வண்டு தயங்கும். முழுசா வச்சாத்தான் அதுக்குக் கொண்டாட்டம். பல்லுல வச்சுக் கடி. டக்குன்னு தெறிச்சா காஞ்சது. பல்லுல அழுந்துச்சுன்னா இன்னும் ஒரு வெயிலு.

உளுந்துக்கு நம்ம ஊர்ல இன்னொரு பங்காளி உண்டு. 2013-ல புள்ளிமான் சரணாலயம்னு அறிவிச்சாவல்லா, 288 ஹெக்டேர். மானுக்கு எல்லைக்கல்லைப் படிக்கத் தெரியாது. பயறு பச்சையா நிக்கும்போது ராத்திரி வந்து பந்தி வச்சுட்டுப் போவும். கல்லை எடுத்து எறிஞ்சேன்னு வையி, ஆபீசரு வந்து ஒன்னைத்தான் எடுத்து எறிவாரு. வேலிச் செலவையும் நோட்டுல எழுதிக்க. மான் கிட்டப் போயி ஆதார விலையெல்லாம் பேசாத.

நெல்லுக்கு விலை உண்டு, கவருமெண்டு வச்ச விலை. 2025-26-ல கொள்முதல் நெலையத்துல சன்ன ரகம் குவிண்டால் 2,545, பொது ரகம் 2,500. நாப்பது கிலோ சாக்குல பொது ரகம் ஆயிரம் ரூவா, கணக்குக்கும் லேசு. துட்டு பேங்குக்கு வரும். எல்லாம் சரி, ஈரம் 17-க்கு மேல இருக்கக் கூடாது. அந்த மிஷினுக்குள்ள ஒரு பிடி நெல்லைப் போட்டு அவன் அமுக்கும்போது, பிரசவ வார்டு வாசல்ல நிக்கவன் கணக்கா வெவசாயி நிப்பான். 18-ன்னு காட்டிட்டா மறுபடி களம், மறுபடி ஒணத்தல். மேல வானத்துல மேகம் நகருது. சரியா அந்த நேரத்துக்குத்தான் தனியார் யாவாரி வண்டியை நிறுத்தி, “அண்ணாச்சி, நான் எடுத்துக்கிடுதேன்”பான். கொறைச்சுத்தான் கேப்பான், ஆனா கையில துட்டு. ஒங்க தாத்தா காலத்துல 21 மரக்கால் கோட்டையில அளந்து குதிர்ல போட்டு, பிசானத்து நெல்லை ஆடி மாசம் வித்தாரு. குதிர் இருந்துச்சு, பொறுத்தாரு. இன்னைக்கு வீட்டுல குதிரு நின்ன எடத்துல ஏசியும் வாஷிங் மிஷினும் நிக்கி. தவணை மாசா மாசம் அஞ்சாம் தேதி. நெல்லு விளைஞ்ச தேதியைப் பேங்குக்காரன் கேக்கானா?

அதான் சொல்லுதேன், கம்பெனி வேலையை விடாத. சம்பளம் அஞ்சாம் தேதிக்குப் பதில் சொல்லட்டும். வயலு மெல்ல விளையட்டும். மாசத்தவணை கட்ட நெல்லை விக்கவனும், பீஸ் கட்ட ஆட்டை விக்கவனும் துண்டுக்குள்ள கையை விடுமுன்னயே தோத்துட்டான்.

சரி, ஆடு வேணும்னு ஒத்தக் காலுல நிக்க. வார செவ்வாக்கெழமை சந்தைக்குப் போவோம். ஆனா அம்புட்டு தூரம் எதுக்குன்னும் ஒரு யோசனை. நம்ம தொழுவுல அந்தச் செங்கன்னிக் கெடா நிக்குல்லா. ரெண்டு பல்லு போட்டாச்சு, வாயைத் தெறந்து பாத்துக்க. முதுகுத்தண்டையும் அமுக்கிக்க, தவிடு உப்பெல்லாம் எனக்குத் தெரியாது. சுழி கெடையாது. பேத்திக்குப் பள்ளிக்கூட பீஸ் பதினஞ்சாம் தேதின்னு ஒங்க அத்தை சொல்லுதா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, எனக்கு ஒரு அவசரமும் கெடையாது. இந்தா, துண்டு. கையைக் குடு.